முன்னோடிக்கு ஒரு நாற்காலி

புனிதாவைக் கௌரவிக்கப்போவதாகச் சொல்ல மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ஒரே மாதிரி பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஆரஞ்சுக் கூடை இருந்தது.

அவள் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் வாசலில் வேலை செய்கிறாள். உள்ளே வரும் லோரிகளின் எண்ணையும் பூட்டையும் சரிபார்த்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவது அவள் வேலை. பாத்திக் சட்டைகளுக்காக அவள் கம்பத்தைத் தூக்கவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் நின்றே பேசினார்கள். பின்னால் லோரிகள் சேர்ந்தன.

"சிஸ்டர், நீங்க ஒரு சரித்திரம்," என்றார் நடுவில் நின்றவர். அவர் பெயர் சுகுமாறன். கிள்ளான் பள்ளத்தாக்கு விளையாட்டுப் பாரம்பரியக் காப்பகத்தின் செயலாளர்.

"நானா?"

"நம்ம லீக்ல விசில் ஊதின முதல் பொம்பள நீங்கதான். முன்னோடிப் பெண்கள் கூடம் ஒண்ணு தொறக்கறோம். அதுல அஞ்சாவது ஆளு நீங்க."

"எதுக்கு இப்ப?"

சுகுமாறன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் ஆரஞ்சுக் கூடையைக் கம்பத்துக்கு மேலாக நீட்டினார்.

முதல் லோரியிலிருந்து பக்கிரிசாமி தலையை நீட்டினான். "போஸ், கல்யாணம் பேசறதுன்னா ஓரமா நின்னு பேசுங்க லா. எனக்கு போர்ட்டுக்குப் போவணும்."

அவர்கள் போனார்கள். கூடை இருந்தது.

புனிதா ஏழு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவராக இருக்கிறாள். ஒருவன் விழுந்தால் அவள் விழுந்தவனைப் பற்றி யோசிப்பதில்லை. விழுவதற்கு முன் அவன் யாரைப் பார்த்தான் என்று யோசிப்பாள். ஒருவன் சிரித்தபடி கைகுலுக்க வந்தால் அவனுடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். இது அவள் குணமல்ல. வேலை. அன்று மாலைவரை ஆரஞ்சுக் கூடையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு லீக்கின் இறுதியாட்டம். பிரிக்பீல்ட்ஸ் சிங்கங்களும் பண்டமாரான் லோரி பாய்ஸும் மோதுகிறார்கள். நடுவர் புனிதா. அந்த லீக்கில் இறுதியாட்டத்துக்கு ஒரு பெண் நடுவராக நின்றதில்லை. நியமனம் வந்த நாளில் அவள் யாரிடமும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பூட்ஸுக்குப் புதுக் கயிறு வாங்கினாள்.

சிங்கங்கள் அணியின் தலைவர் டத்தோ முகுந்தன். காப்பகத்தின் தலைவரும் அவர்தான். முந்தைய மாதம் சிங்கங்களின் கேப்டன் சதீஷ்குமாருக்குப் புனிதா சிவப்பு அட்டை காட்டினாள். எல்லாரும் கத்தினார்கள். டத்தோ மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

ஆரஞ்சு வந்த மறுநாள் காலை அவள் ருக்கையாவின் நாசி லெமாக் கடைக்குப் போனாள். ருக்கையா காலையில் அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை விற்பாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம் கொடி பிடிப்பாள். புனிதா ஊதும் எல்லா ஆட்டங்களுக்கும் அவள்தான் துணை நடுவர்.

"ஆரஞ்சா குடுத்தானுங்க?" என்றாள் ருக்கையா.

"கூடையோட."

"ஆரஞ்ச ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவாங்க."

"சீனப் பெருநாளுக்கும் குடுப்பாங்க."

"இப்ப பெருநாளா?"

புனிதா சோற்றுக்குக் காசை எடுத்து வைத்தாள். ருக்கையா சோற்றை இலையில் மடித்துக்கொண்டே கேட்டாள். "கூடம் தொறக்கற விழா என்னைக்கு?"

"கேக்கல."

"சிவப்பு அட்டைய எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாக்கறவ நீ. இத கேக்கலியா? ஃபோன் பண்ணு."

புனிதா அங்கேயே நின்று ஃபோன் செய்தாள். விழா ஞாயிற்றுக்கிழமை. இறுதியாட்டம் நடக்கும் அதே திடலில். அதே நேரத்தில்.

ருக்கையா மிளகாய்ச் சம்பல் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேற ஏதாவது கேட்டானுங்களா?"

"ஆமா. பூட்ஸும் விசிலும் கூடத்துல வெக்கணுமாம்."

"குடுத்துடாத. குடுத்தா, பொருள் அங்க இருக்கு, ஆளும் அங்கதான் இருக்கணும்னு சொல்லுவானுங்க."

காப்பகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது. படிச்சுவரில் பட்டுச் சேலை விளம்பரமும் பாரம்பரிய விளம்பரமும் மாறி மாறி ஒட்டப்பட்டிருந்தன. சுகுமாறன் வாசலில் காத்திருந்தார். முன்னோடிகள் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்றார். பிறகு யோசித்து, கழற்றிவிடுங்கள் என்றார்.

கூடம் என்பது ஓர் அறை. நான்கு சுவர்ப் பலகைகளும் துணி போட்டு மூடிய ஓர் உருவமும் இருந்தன. முதல் பலகை வள்ளியம்மாவுடையது. அறுபதுகளில் வெறுங்காலோடு ஓடி மாநிலப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். பலகையில் பெரிய புகைப்படம் ஒன்று இருந்தது. கோப்பையைக் கொடுக்கும் மனிதர் அதில் முழுதாகத் தெரிந்தார்.

"இதுல வள்ளியம்மா எங்கண்ணே?"

சுகுமாறன் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "முழங்கை. அசல் முழங்கை. ரொம்ப சிரமப்பட்டுத் தேடினோம்."

அடுத்தவர் ஹாக்கி ஆடியவர். அவரைப் பற்றிய குறிப்பில் பாதிக்கு மேல் அவரை ஆட விட்ட கணவரைப் பற்றி இருந்தது. மூன்றாமவர் சைக்கிள் பந்தயக்காரர். சைக்கிள் வாங்கிக்கொடுத்த மாமனாரின் படம் இருந்தது. நான்காமவர் நீச்சல்காரர். அவருக்குப் படம் இல்லை. குளத்தின் படம் இருந்தது. நீச்சலுடையில் ஒரு பெண்ணைச் சுவரில் மாட்டுவது குழுவுக்குச் சரியாகப் படவில்லை என்றார் சுகுமாறன்.

"இவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

"காலமாயிட்டாங்க."

"நாலு பேருமா?"

"அதுல ஒரு வசதி இருக்கு சிஸ்டர். விழாத் தேதிய மாத்தச் சொல்லமாட்டாங்க."

அவர் துணியை விலக்கினார். உள்ளே சேலைக் கடைப் பொம்மை நின்றது. வெள்ளைத் தோல், நீலக் கண்கள், அரக்குப் பட்டுச் சேலை. இடுப்பில் குடம் வைப்பதுபோல ஒரு கால்பந்தை இடுக்கியிருந்தது.

"இது யாரு?"

"நீங்க."

"நான் சேல கட்டிட்டு ஓடறதில்லியே."

"ஓடறது விளையாட்டு. இது பண்பாடு. விளையாட்டு பண்பாட்டுக்குள்ள வரும்போது சேல கட்டிக்கிட்டுத்தான் வரணும். அத ஆராய்ச்சிக் குழு கண்டுபிடிச்சிருக்கு."

"விசில் எங்க?"

"கைல வரும். வாய்ல வெச்சா நல்லா இருக்காது. பொம்பள விசிலடிக்கற மாதிரி ஆயிடும்."

"நான் அடிக்கறேனே."

"அதத்தான் கௌரவிக்கறோம்," என்றார் சுகுமாறன் பொறுமையாக.

பொம்மையின் காலடியில் பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். புனிதா, நடுவர், 2018 – 2025 என்று அதில் செதுக்கியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இரண்டாவது ஆண்டைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இது என்ன வருஷம்ணே?"

"முடிஞ்ச வருஷம்."

"எது முடிஞ்சுது?"

"உங்க சேவை. முன்னோடி ஆனவங்க திடல்ல எறங்கக் கூடாது. விதி. நீங்களே யோசிங்க. ஞாயித்துக்கெழம நீங்க ஒரு ஆஃப்சைடு குடுக்கறீங்க. ஒருத்தன் உங்கள திட்டறான். அவன் யார திட்டறான்? சரித்திரத்த திட்டறான். சமுதாயம் தாங்குமா?"

"ஏழு வருஷமா திட்டறானுங்க. தாங்கிச்சு."

"அப்ப நீங்க சரித்திரமா இல்லியே."

புனிதா நிமிர்ந்தாள். "ஃபைனலுக்கு யாரு?"

"ரெங்கசாமி."

"டத்தோ மச்சானா?"

"உறவு வேற, நிர்வாகம் வேற."

நிர்வாகம் இப்படி நடந்திருந்தது. புனிதாவை இறுதியாட்டத்திலிருந்து விடுவிக்கும்படி காப்பகத்தின் தலைவர் என்ற முறையில் டத்தோ முகுந்தன் லீக்கின் தலைவருக்கு வேண்டுகோள் விடுத்தார். லீக்கின் தலைவரும் டத்தோ முகுந்தன்தான். அவர் வேண்டுகோளைப் பரிசீலித்தார். ஏற்றுக்கொண்டார். தமக்கு நன்றி சொல்லித் தாமே பதிலும் அனுப்பினார். சிங்கங்கள் அணியின் தலைவர் என்ற முறையில் அவர் இதில் தலையிடவில்லை. தலையிடுவது முறையாகாது என்பது அவர் கொள்கை.

"எனக்கு இந்த விருது வேணாம்ணே."

சுகுமாறன் வருத்தப்படவில்லை. "மறுக்கலாம். அது உங்க உரிமை. ஆனா ஒரு முன்னோடியோட மறுப்ப ஏத்துக்கறதுக்கு முன்னோடிகள் குழு கூடணும்."

"கூட்டுங்க."

"அஞ்சு பேர் கொண்ட குழு. கொறஞ்சது மூணு பேர் வரணும். நீங்க ஒருத்தர்." அவர் சுவரைப் பார்த்தார். வள்ளியம்மாவின் முழங்கையைப் பார்த்தார். "மத்தவங்க வர மாதிரி தெரியல."

பூட்ஸை அவள் பையில் கொண்டுவந்திருந்தாள். காட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்று நினைத்திருந்தாள். சுகுமாறன் பையோடு வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விசிலைக் கேட்டார்.

"வீட்ல இருக்கு. குடுத்தனுப்பறேன்."

விசில் அவள் கால்சட்டைப் பையில் இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே படியிறங்கினாள். மோனோரயிலுக்குப் போகும் வழியில் பொம்மைகள் தொங்கும் கடை ஒன்று இருந்தது. பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விசில் ஒன்றை அங்கே வாங்கினாள். வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக். மறுநாள் ருக்கையா அதைக் காப்பகத்தில் ஒப்படைத்தாள். அவர்கள் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்கள். பட்டுத் துணியில் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினார்கள். யாரும் ஊதிப் பார்க்கவில்லை. பாரம்பரியப் பொருளை வாயில் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது.

வியாழக்கிழமை விழாவுக்கான காணொளி எடுக்க வந்தார்கள். புனிதா கிடங்கு வாசலில் எடுக்கச் சொன்னாள். லோரி வேண்டாம் என்றார் சுகுமாறன். வீட்டுச் சமையலறையில் நிற்கவைத்தார்கள். சப்பாத்தி மாவை உருட்டச் சொன்னார்கள்.

"எதுக்கு?"

"மாவு உருண்டை அப்படியே பந்தா மாறும். கம்ப்யூட்டர்ல பண்ணுவாங்க."

"எங்க வீட்ல சப்பாத்தி கடைல வாங்கறதுதான்."

"அத சொல்ல வேணாம்."

அவள் மாவை உருட்டினாள். உங்கள் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஆண் யார் என்று கேட்டார்கள். ஓடும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தான் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாள். அதை வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் டத்தோ முகுந்தனின் படம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பண்டமாரான் திடலில் மேடை போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மேடை. அதன்மேல் சோபாக்கள். நடுவில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்தது. அதில் புனிதா உட்காரவைக்கப்பட்டாள். கால் தரையில் எட்டவில்லை. பக்கத்தில் ஒரு பீடத்தில் அவளுடைய பூட்ஸ் இருந்தது. தங்க நிறம் பூசியிருந்தார்கள். கயிற்றுக்கும் பூசியிருந்தார்கள்.

"கழுவினா போயிடுமாண்ணே?"

"போகாது," என்றார் சுகுமாறன் பெருமையாக. "கார் பெயின்ட்."

விழாவின் சிறப்பு விருந்தினர் ஒரு டான்ஸ்ரீ. டான்ஸ்ரீ என்பது டத்தோவுக்கு மேலான அரசுப் பட்டம். ஆகவே அவர் டத்தோவைவிடத் தாமதமாக வர வேண்டும். வந்தார். அதற்குள் வானம் கறுத்ததால் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர் மேடையேறியபோது இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. இரு அணிகளும் கோல் போடவில்லை.

புனிதாவுக்குத் திடல் முழுதும் தெரிந்தது. ரெங்கசாமி நடுவட்டத்தை விட்டு நகரவில்லை. அங்கே நிழலும் இல்லை. பந்து எங்கே போனாலும் அவர் அங்கிருந்தே அதற்குச் சம்மதம் தெரிவித்தார். லோரி பாய்ஸின் ஆட்டக்காரன் ஒருவனை இரண்டு சிங்கங்கள் சேர்ந்து தள்ளினார்கள். ரெங்கசாமி அவனை எழுந்து நிற்கச் சொல்லி அறிவுரை கூறினார். கோட்டோரம் ருக்கையா கொடியைத் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை. மறுபடி தூக்கினாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

மேடையில் விளிப்பு தொடங்கியது. வந்தவர்கள், வர இருந்தவர்கள், வர விரும்பியவர்கள் எல்லாரும் பட்டங்களோடு விளிக்கப்பட்டார்கள். பிறகு பொன்னாடைகள். ஒருவர் பின் ஒருவராக வந்து போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் புனிதாவின் கைகள் உள்ளே போய்விட்டன. கழுத்துவரை துணி. அதற்கெல்லாம் அடியில், சட்டைக்குள், கயிற்றில் அவளுடைய விசில் தொங்கியது. ஏன் போட்டுக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் போடாமல் அவள் வெளியே போனதில்லை.

டத்தோ முகுந்தன் ஒலிபெருக்கி முன் வந்தார்.

"பெண்கள் முன்னேற வேண்டும்," என்றார். "முன்னேறியவர்கள் உட்கார வேண்டும். ஒரு பெண்ணை வெயிலில் ஓடவிட்டு நாம் நிழலில் உட்கார்ந்து பார்ப்பது நம் பண்பாடா? இந்தக் கேள்வியை என்னை நானே கேட்டேன். நானே பதிலும் சொன்னேன். என் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். மனைவி இருக்கிறார். இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மூவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். நான் கேட்டதில்லை. ஆனால் தெரியும். மூத்த மகள் ஓட்டப் பந்தயத்தில் ஓட வேண்டும் என்றாள். ஓடம்மா என்றேன். எங்கே ஓடுவது என்று நான்தான் சொன்னேன். வீட்டைச் சுற்றி. சுதந்திரம் கொடுக்காதவன் நான் அல்ல."

கைதட்டினார்கள்.

"புனிதா அவர்கள் பாரபட்சமே இல்லாதவர். என் அணிக்கே சிவப்பு அட்டை காட்டியவர். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பெண்ணை ஓர் உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்."

மீண்டும் கைதட்டினார்கள். புனிதா கைதட்டவில்லை. கைகள் துணிக்குள் இருந்தன.

அடுத்தது கிமிக். இந்த ஊரில் கிமிக் இல்லாமல் எதுவும் திறக்கப்படுவதில்லை. ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழங்கதை. இப்போது பிரமுகர் ஒரு கண்ணாடி உருண்டையைத் தொட வேண்டும், புகை வர வேண்டும், வெளிச்சம் அடிக்க வேண்டும், எதிர்பாராதது ஒன்று நடக்க வேண்டும். என்ன நடந்தாலும் அதற்குக் கைதட்ட வேண்டும். கூட்டத்துக்கு இது பழக்கம். ஒருமுறை வேறொரு விழாவில் திரை சரிந்து தீப்பிடித்தபோதும் தட்டினார்கள்.

இன்றைய கிமிக்கைச் சுகுமாறன் விளக்கினார். டான்ஸ்ரீ அவர்கள் பொத்தானை அழுத்துவார். புகை வரும். கண்ணாடிப் பெட்டி திறக்கும். முன்னோடியின் விசிலை எடுத்து டான்ஸ்ரீ அவர்களே ஊதிக் கூடத்தைத் திறந்துவைப்பார். பாரம்பரியப் பொருளை வாயில் வைக்கக் கூடாது என்ற விதியிலிருந்து டான்ஸ்ரீக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். டான்ஸ்ரீ அழுத்தினார். புகை வந்தது. வேண்டியதைவிட அதிகமாக வந்தது. புனிதாவின் நாற்காலியும் சேர்ந்து மேடையின் பாதி மறைந்தது.

புகை இல்லாத பக்கம் அவளுக்குத் திடல் தெரிந்தது. லோரி பாய்ஸின் பக்கிரிசாமி பந்தோடு வந்துகொண்டிருந்தான். லோரியை ஓட்டுவது போலவே ஓடினான், யாருக்கும் வழி விடாமல். பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான். சதீஷ்குமார் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்தான். இழுத்தான். காலைத் தட்டினான். பக்கிரிசாமி விழுந்தான். விழுவதற்கு முன் அவன் யாரையும் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தான்.

ருக்கையா கொடியைத் தூக்கினாள். ரெங்கசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கொடியை இறக்கவில்லை. கையை நீட்டிப் பிடித்தபடி நின்றாள். பிறகு ரெங்கசாமியை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தாள்.

டான்ஸ்ரீ விசிலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார்.

புனிதாவின் கை பொன்னாடைகளுக்குள்ளே மேலே ஏறியது. இதில் யோசனை எதுவும் இல்லை. விசிலைக் கழுத்துவழியாக வாய்க்கு இழுத்து அவள் ஊதினாள். நீளமாக, ஒரே ஊதல்.

திடல் நின்றது. இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். அந்தச் சத்தத்துக்கு நின்று நின்று அவர்களுக்குப் பழகியிருந்தது. பந்து மட்டும் கொஞ்ச தூரம் உருண்டது. சதீஷ்குமார் வழக்கம்போல் இரண்டு கைகளையும் விரித்து, நான் ஒன்றும் செய்யவில்லை என்று காட்டினான். ரெங்கசாமியிடம் காட்டவில்லை. விசில் வந்த திசையில் காட்டினான்.

கூட்டம் கைதட்டியது. இவ்வளவு நல்ல கிமிக்கை அவர்கள் பார்த்ததில்லை. ஓர் ஊதலில் ஓர் ஆட்டமே நின்றுவிட்டது.

புகை விலகியது. டான்ஸ்ரீ விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு திடலைப் பார்த்தார்.

"நிறுத்திட்டேன்," என்றார்.

"ஆமாம் டான்ஸ்ரீ," என்றார் சுகுமாறன்.

"நல்ல சத்தம்."

"உங்க மூச்சு டான்ஸ்ரீ."

டத்தோ முகுந்தன் மட்டும் புனிதாவைப் பார்த்தார். அவள் கழுத்துவரை பொன்னாடையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விசில் திரும்ப உள்ளே போயிருந்தது. அவர் குனிந்து டான்ஸ்ரீயின் காதருகே சொன்னார். "ஆட்டம் தொடரட்டும் டான்ஸ்ரீ. சும்மா கிமிக்குதானே."

"இருங்க டத்தோ. எதுக்கு நிறுத்தினேன்?"

ரெங்கசாமி நடுவட்டத்திலிருந்து மேடையை நோக்கி நடந்து வந்தார். அன்று அவர் நடந்த முதல் தூரம் அது.

"பெனால்டி, டான்ஸ்ரீ," என்றாள் புனிதா.

"பெனால்டியா?"

"உள்ள தள்ளினான். சட்டையப் புடிச்சான். நீங்க பாத்தீங்க. ஊதினீங்க. லைன்ல கொடியும் தூக்கியிருக்காங்க, பாருங்க."

டான்ஸ்ரீ கோட்டோரம் பார்த்தார். ருக்கையாவின் கொடி இன்னும் மேலேதான் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "ஆமா. பாத்தேன். சட்டையப் புடிச்சான். எனக்கு அதெல்லாம் பட்டுன்னு கண்ணுல பட்டுடும். சின்ன வயசுல நானும் ஆடினவன்."

டத்தோ முகுந்தன் வாயைத் திறந்தார். ஒரு டத்தோ ஒரு டான்ஸ்ரீயின் தீர்ப்பை மாற்றிய வழக்கம் இல்லை. வாயை மூடிக்கொண்டார். பிறகு அதையே ஒரு புன்னகையாக மாற்றினார். பழைய புன்னகைதான்.

"என்ன இன்னும் நிக்கிறீங்க?" என்றார் டான்ஸ்ரீ ரெங்கசாமியிடம். புனிதா பொன்னாடைகளைத் தள்ளி ஒரு கையை வெளியே எடுத்தாள். பெனால்டிப் புள்ளியைச் சுட்டிக் காட்டினாள். டான்ஸ்ரீயும் பார்த்து அதேபோல் கையை நீட்டினார்.

பக்கிரிசாமி உதைத்தான். கோல்காப்பாளர் இடது பக்கம் பாய்ந்தார். பந்து வலது பக்கம் போனது. அன்று விழுந்த ஒரே கோல் அது. ருக்கையா கொடியை இறக்கித் தோளை நீவிவிட்டுக்கொண்டாள்.

கோப்பையை லோரி பாய்ஸுக்கு டான்ஸ்ரீ கொடுத்தார். புகைப்படத்தில் அவர் முழுதாகத் தெரிந்தார்.

திரும்பும் வழியில் ருக்கையா சொன்னாள். "சொல்லிடு. நீதான் ஊதினேன்னு சொல்லிடு. ஃபைனல்ல பெனால்டி குடுத்த முதல் பொம்பள நீ. உண்மையா குடுத்தவ."

"சொன்னா அதுக்கும் ஒரு தகடு செய்வாங்க."

"செய்யட்டுமே."

"முடிஞ்ச வருஷமும் போடுவாங்க."

ருக்கையா கொடியைக் கம்பில் சுற்றினாள். பிறகு, "அந்த ஆரஞ்சு என்னாச்சு?" என்றாள்.

"புளிப்பு."

புதன்கிழமை சுகுமாறன் கிடங்கு வாசலுக்கு வந்தார். இந்த முறை தனியாக வந்தார். கூடை இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

"சிஸ்டர், ஒரு சின்ன விஷயம். டான்ஸ்ரீக்கு ரொம்ப சந்தோஷம். கூடத்த விரிவாக்க உதவறேன்னு சொல்லியிருக்கார். அதனால அவரையும் கூடத்துல வெக்கணும்னு குழு முடிவு பண்ணியிருக்கு. மேடையிலேருந்து பெனால்டி குடுத்த முதல் முன்னோடி."

"அது முன்னோடிப் பெண்கள் கூடமாச்சே."

"பேச்சுவார்த்தைல இருக்கு." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிரச்சினை என்னன்னா, எடம் அஞ்சு பேருக்குத்தான். ஒருத்தர் ஏறணும்னா ஒருத்தர் எறங்கணும். காலமானவங்கள எறக்க முடியாது, குடும்பத்துல பேசுவாங்க. நீங்க உயிரோட இருக்கீங்க. புரிஞ்சிப்பீங்க."

புனிதா பதிவேட்டைப் புரட்டினாள். அவரைக் கொஞ்சம் காக்கவைத்தாள். உடனே ஒத்துக்கொண்டால் அவர் சந்தேகப்படுவார் என்று நினைத்தாள்.

"அப்ப நான் முன்னோடி இல்லியா?"

"மன்னிக்கணும்."

"திடல்ல எறங்கலாமா?"

"தாராளமா. முன்னோடி இல்லாதவங்களுக்கு அந்த விதி இல்ல."

"பொம்ம?"

"இருக்கு. சேலைய எடுத்துட்டுக் கோட்டு போட்டாச்சு. மீசை வரையணும்."

"விசில்?"

"அது இனிமே டான்ஸ்ரீயோட விசில் சிஸ்டர். அவரு ஊதினது." அவர் பையைக் கம்பத்துக்கு மேலாக நீட்டினார். "பூட்ஸ் உங்களது."

அன்று மாலை அவள் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாங்கிப் பூட்ஸைத் தேய்த்தாள். மேல்தோலில் கொஞ்சம் போனது. தையலுக்குள்ளும் கயிற்றுத் துளைகளிலும் தங்கம் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. புதுக் கயிறு கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை வே ஊர்த் திடலில் நட்பு ஆட்டம். லோரி பாய்ஸ் ஒரு பக்கம். கோட்டோரம் ருக்கையா. பக்கிரிசாமி பந்தோடு ஓடினான். கொடி உயர்ந்தது. புனிதா ஊதினாள்.

பக்கிரிசாமி திரும்பி வந்தான். அவள் காலைப் பார்த்தான்.

"ஏய் தங்கக்காலு, அது ஆஃப்சைடே இல்ல லா. மேடைல ஒக்காந்து கண்ணு போச்சா?"

புனிதா சட்டைப் பையைத் திறந்தாள். மஞ்சள் அட்டையை எடுத்து அவனுக்குக் காட்டினாள். அவன் கத்தினான். அவனோடு சேர்ந்து இன்னும் நான்கு பேர் கத்தினார்கள்.

சமுதாயம் தாங்கியது. ஆட்டம் தொடர்ந்தது.